ஒன்பதாவது சுற்றில் லைல் எடுத்த ஆள்

லைல் கோஸ்மிடர் வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தது பிப்ரவரியில். அவருக்கு அறுபத்தொரு வயது. தசைகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டு வரும் நோய். கைகள் முந்தைய கோடையிலேயே போய்விட்டன. கால்கள் கிறிஸ்துமஸுக்குள் போயின. பேச்சு மிச்சமிருந்தது. மெதுவாக வரும், ஆனால் தெளிவாக வரும். மனைவி மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். மருத்துவக் காப்பீடு அவளுடைய வேலையோடு வந்தது, அதனால் அவளால் வேலையை விட முடியாது. காலை ஆறரைக்கு நான் வருவேன், நாலு மணிக்கு அவள் வந்ததும் கிளம்புவேன்.

முப்பத்திரண்டு வருடம் இந்த வேலை பார்த்திருக்கிறேன். முதல் நாள் நோயாளிகள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வலிக்குமா, எத்தனை நாள் இப்படி, குளிப்பாட்டுவது நீங்கள்தானா. லைல் கேட்டது வேறு.

“ரிமோட்டைப் புடிச்சு படத்தைப் பின்னால ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?”

தெரியும் என்றேன்.

“வேகமா இல்ல ஆர்லீன். ஒரு காலடி, நிறுத்தணும். அடுத்த காலடி, நிறுத்தணும்.”

கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் கழுத்துக்கு வைத்திருந்த தலையணையை மாற்றினேன். அது தவறான உயரத்தில் இருந்தது.

லைலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை என்றுதான் ஊரில் சொல்வார்கள். விஸ்கான்சினில் எங்கள் ஆற்றங்கரை ஊரிலேயே பிறந்தார். இங்கேயே காகித ஆலையில் நாலாம் எண் இயந்திரத்தில் முப்பத்து நாலு வருடம் காகிதச் சுருள் சுற்றினார். காது பாதி போனது அங்கேதான். வெள்ளிக்கிழமை மீன் வறுவல், நவம்பரில் ஒரு வாரம் மான் வேட்டை, ஞாயிறு காலை பூசை, அது முடிந்ததும் டிவியில் அமெரிக்க ஃபுட்பால். பிள்ளைகள் இல்லை. பள்ளிக் காலத்தில் ஊர் அணியில் ரிசீவராக ஆடியிருக்கிறார். ஓரத்திலிருந்து கிளம்பி ஓடிப்போய், எறியப்படும் பந்தைப் பிடிப்பவன் ரிசீவர். எறிபவன் டூவேன் விட்காவ், ஆறு வயதிலிருந்து அவருடைய சினேகிதன். இரண்டு வருடத்தில் லைல் பக்கம் வந்த பந்துகள் மொத்தம் நாலு. அதில் மூன்றைப் பிடித்தார்.

மற்ற நேரமெல்லாம் என்ன செய்தீர்கள் என்று ஒருநாள் ஷேவ் செய்துவிடும்போது கேட்டேன்.

“ஓடினேன். டூவேன் அந்தப் பக்கம் எறிவான், நான் இந்தப் பக்கம் ஓடுவேன். இப்ப தாடைக்குக் கீழ ஒழுங்கா எடுங்க, மார்லிஸ் பாத்தா திட்டுவா.”

டூவேன், லைல், இன்னும் பத்துப் பேர். இருபத்தாறு வருடமாக அவர்கள் ஃபேண்டஸி ஆட்டம் ஆடி வந்தார்கள். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை மதியம் டூவேன் நடத்தும், பந்துருட்டிக் கட்டை சாய்க்கும் பௌலிங் கூடத்தின் பின்னறையில் கூடுவார்கள். பெரிய அணிகளில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராகத் தங்கள் பட்டியலுக்கு எடுப்பார்கள். ஒருவன் எடுத்தவனை இன்னொருவன் தொட முடியாது. அந்த ஆட்டக்காரன் ஞாயிற்றுக்கிழமை நிஜமாக ஓடுவதும் பிடிப்பதும் அவனை எடுத்தவனுக்குப் புள்ளிகளாகும். அவ்வளவுதான் ஆட்டம். அந்தச் சனிக்கிழமைக்கு ஆளெடுப்பு என்று பெயர். பன்னிரண்டு பேரில் ஒருவன் தன் மகளின் கல்யாணத் தேதியையே அதற்காக மாற்றச் சொன்னவன். மாற்றினார்கள்.

இருபத்தாறு வருடத்தில் லைல் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ரூக்கி ரிசீவர்கள், அதாவது கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்த முதல் வருடக்காரர்கள்மேல் அவருக்கு மோகம். ஊர் பேர் தெரியாத பையனைப் பிடிப்பார். அந்தப் பையன் வருட ஆட்டங்களில் முதல் பாதி முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். பந்து கைக்கு வர ஆரம்பிக்கும்போது லைலின் அணி தோற்று முடித்திருக்கும். அதைவிட மோசம், டூவேன் பல வருடம் அந்தப் பையனை லைலின் முறைக்குச் சற்று முன்னால் எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே டூவேன் ஆட்டம் ஆடினான் என்பார் லைல். தானும் அதற்காகவேதான் ஆடியதாக அவர் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கதைகளைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு மூச்சு வாங்காது.

பின்னறைச் சுவரில் ஆணியில் ஒரு பழைய டாய்லெட் சீட் தொங்கியது. ஏற்கெனவே எடுத்தாகிவிட்ட ஆட்டக்காரனின் பெயரை எவனாவது கவனமில்லாமல் சொன்னால், அடுத்த சுற்று முடியும்வரை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். விதிவிலக்கு கிடையாது. ஒரு வருடம் ஊர் பாதிரியார் விருந்தாளியாக வந்து தவறான பெயர் சொன்னார், அவர் கழுத்திலும் மாட்டினார்களாம். என் வேலையில் அந்தப் பொருளை நான் நாள்தோறும் கழுவுகிறேன். எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. லைல் சொல்லும்போது மட்டும் சிரித்தேன்.

ஏப்ரலில் ஆள் தேடும் வேலை ஆரம்பித்தது. காலை மருந்து, கஞ்சி, கைகால் நீட்டி மடக்குவது எல்லாம் முடிந்ததும், பத்து மணிக்குக் கல்லூரி ஆட்டங்களைப் போடுவேன். அவர் சொல்லச் சொல்ல நிறுத்துவேன், பின்னால் ஓட்டுவேன், ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுவேன். மருந்துக் குறிப்பு எழுதிப் பழகிய கை, அதனால் எழுத்து சின்னதாக நெருக்கமாக இருக்கும். அவருக்கு அது பிடித்திருந்தது.

மற்றவர்கள் பார்ப்பதை அவர் பார்க்கவில்லை. எவ்வளவு உயரம், நாற்பது கெஜத்தை எத்தனை நொடியில் ஓடினான் என்பதெல்லாம் பத்திரிகைக்காரர்களுக்கு என்பார். பையனுக்கு எத்தனை வயதில் பந்து வர ஆரம்பித்தது, அவனுடைய அணியில் எறிந்ததில் எத்தனை பங்கு அவனுக்குப் போனது, இப்போது போகிற இடத்தில் அவனுக்கு முன்னால் நிற்கும் மூத்தவனுக்கு என்ன வயது, முழங்கால் எப்படி, எறிகிறவன் பொறுமைசாலியா. இவற்றைத்தான் கேட்பார். அதற்குப் பிறகு படம். பந்து வரும்போது அல்ல. பந்து வராதபோது.

முப்பத்தொரு பேரைப் பார்த்தோம். நான் எண்ணி வைத்திருக்கிறேன். மே மாதம் முடியும்போது ஆறு பேர் மிஞ்சினார்கள். ஜூன் நடுவில் ஒருவன். மார்கெல் டுப்ரீ, லூசியானாவில் சின்னக் கல்லூரிப் பையன். பெரிய அணி ஒன்று அவனைக் கடைசிப் பக்கமாகத்தான் எடுத்திருந்தது. எந்தப் பத்திரிகையிலும் பேர் இல்லை.

“நிறுத்துங்க. பந்து எங்க போச்சு?”

“அந்தப் பக்கம்.”

“இவன் என்ன செய்யறான்?”

நான் பார்த்தேன். பந்து மறுபக்கம் போய்விட்டது, அங்கே ஒருவன் அதைப் பிடித்தும் விட்டான். டுப்ரீ இன்னும் ஓடிக்கொண்டிருந்தான். சொன்ன இடம்வரை ஓடி, சொன்ன இடத்தில் திரும்பி, கையைத் தூக்கி நின்றான். அவனை யாரும் பார்க்கவில்லை.

“நாலு ஆட்டம் பாத்தோம்,” என்றார் லைல். “ஒரு தடவைகூடப் பாதியில நிக்கல. எழுதிக்குங்க. செப்டம்பர்ல ஒண்ணும் வராது, அக்டோபர்லயும் வராது. அங்க ஒரு கிழவன் முன்னால நிக்கறான், அவனுக்கு முழங்கால் போகும். நவம்பர்ல பந்து இவன்கிட்ட வரும்.”

எழுதினேன். அவர் நவம்பரைப் பற்றிப் பேசும்போது நான் முகத்தை நோட்டில் வைத்துக்கொண்டேன். அவருடைய மூச்சு அளவை மாதாமாதம் குறிப்பவள் நான்தான். அந்த எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று தெரியும். அவருக்கும் தெரியும். இந்த ஒரு பையனைத் தானே கண்டுபிடித்து, டூவேன் திருடாமல் காப்பாற்றி, பதினொரு பேர் பல்லைக் கடிக்க எடுக்க வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஒன்பதாவது சுற்றில் எடுப்பதாகத் திட்டம். அதற்கு முன்னால் எடுத்தால் விரயம், பின்னால் என்றால் டூவேன் மோப்பம் பிடித்துவிடுவான். ஊரை ஏமாற்ற வேறொரு ரூக்கியின் பெயரைச் சினேகிதர்கள் காதில் விழும்படி சொல்லி வைத்தார்.

“டூவேன் ஒருநாள் செர்ரி பை எடுத்துட்டு வருவான்,” என்று எச்சரித்தார். செர்ரிப் பழம் அடைத்துச் சுடும் இனிப்பு அது. “பை வந்தா வேவு பாக்க வந்திருக்கான்னு அர்த்தம். வாயைத் தொறந்துடாதீங்க.”

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் பை வந்தது.

லைல் தூங்கிக்கொண்டிருந்தார். டூவேன் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தான். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து. எப்படி இருக்கான் என்று கேட்டான். வழக்கமாகக் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் நான் சொல்வதில்லை. வீட்டில் பார்த்ததை வீட்டோடு விட வேண்டும் என்பது இந்த வேலையில் முதல் நாள் சொல்லித் தருவது. அன்று சொன்னேன். கிறிஸ்துமஸ் பார்ப்பது கடினம் என்றேன். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். பிறகு, அவன் யார்மேல கண்ணு வெச்சிருக்கான் என்று கேட்டான். கேட்கும்போது முகத்தில் திருட்டுத்தனம் இல்லை.

டுப்ரீ என்றேன். ஒன்பதாவது சுற்று என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“விட்டுக் குடுங்க. இதுதான் அவருக்குக் கடைசி.”

டூவேன் தலையாட்டினான். பை நன்றாக இருந்தது. லைலுக்குக் கரண்டியால் மசித்துக் கொடுத்தேன். வாயத் தொறந்தீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நோயாளியிடம் நான் அதிகம் பொய் சொன்னதில்லை. இது ஒன்று.

ஆளெடுப்பு நாளில் வேனில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். பின்னறையில் வறுத்த சாசேஜ் வாசனை, பிராந்தி, சுவர் முழுக்க வெள்ளை அட்டை. ஒவ்வொருவனும் எடுத்த ஆளின் பெயர் எழுதிய சீட்டை அதில் ஒட்டுவான். லைலுக்காக நான் ஒட்டினேன். அவரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அது முதல் தப்பு. இருபத்தாறு வருடத்தில் அவர் உள்ளே வந்தால் யாரும் எழுந்ததில்லை. அவர் நாற்காலியில் எவனாவது உட்கார்ந்திருப்பானாம், அவனைத் தள்ளித்தான் உட்கார வேண்டியிருக்குமாம்.

இருந்தாலும் முதல் எட்டுச் சுற்று நன்றாகத்தான் போனது. லைல் கண் பளபளவென்று இருந்தது. ஒன்பதாவது சுற்று வந்தது. டூவேன் முறை, அதற்கடுத்து லைல். லைல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.

டூவேன் ஒரு கிக்கரை எடுத்தான். கம்பத்துக்கு நடுவே பந்தை உதைப்பவன். பட்டியலில் ஒரு கிக்கருக்குத்தான் இடம் உண்டு. டூவேனிடம் ஏற்கெனவே ஒருவன் இருந்தான்.

இரண்டாவது கிக்கரை ஒன்பதாவது சுற்றில் எடுப்பவனை அந்த அறை உயிரோடு விட்டிருக்காது. ஒரு வருடம் முழுக்க அவன் மளிகைக் கடைக்குப் போனாலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. ரஸ் என்ற ஒல்லி ஆள் தன் பீர் புட்டியின் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

“டுப்ரீ,” என்றார் லைல்.

நல்லா எடுத்தே லைல் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். நான் சீட்டை ஒட்டினேன்.

பத்தாவது சுற்றில் அவர் முறை வந்தபோது, அவர் அட்டையை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பெயர் சொன்னார். அது இரண்டாவது சுற்றிலேயே போன பெயர், அட்டையின் உச்சியில் கொட்டை எழுத்தில் இருந்தது. கண் தெரியாதவன்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டான். சொல்லிவிட்டு லைல் ஆணியைப் பார்த்தார். ஆணியில் அந்த டாய்லெட் சீட் தொங்கியது.

யாரும் அசையவில்லை.

“பரவால்ல லைல்,” என்றான் ரஸ், குழந்தையிடம் பேசுவதுபோல. “அவன் போயிட்டான். வேற பேரு சொல்லு. அவசரமே இல்ல.”

லைல் வேறு பேர் சொன்னார். அதற்குப் பிறகு மிச்சச் சுற்றுகளில் பட்டியலில் மேலே இருந்த பெயரையே ஒவ்வொரு முறையும் சொன்னார்.

வேன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. பிறகு, யார் சொன்னது என்று கேட்டார். நான் சொன்னேன், கடைசி என்றும் சொன்னேன் என்றேன். சாக்குப்போக்கு சேர்க்கவில்லை.

“ஆலையில என் கை நடுங்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசறாங்க ஆர்லீன். மார்லிஸ், டாக்டர், பாதிரி, நீங்க. அந்த ரூம்ல மட்டும்தான் பாக்கி இருந்துச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “இன்னிக்கு அங்கயும் பொதைச்சுட்டானுங்க.”

வீடு வந்ததும் இறக்கி, உடம்பு துடைத்து, படுக்க வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரில் தன் ஆட்டக் கணக்கைத் திறக்கச் சொன்னார். டுப்ரீயை விடுவிக்கச் சொன்னார். விடுவித்தால் அவன் யாருக்கும் சொந்தமில்லாத பொதுப் பட்டியலுக்குப் போவான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஏப்ரலிலிருந்து நாங்கள் பார்த்த முப்பத்தொரு பேரில் மிஞ்சிய ஒருவன். ஒருமுறை கேட்டேன், நிச்சயமா என்று.

“நெசமா வேணும்னா எடுக்கட்டும். என்கிட்டேர்ந்து திருடட்டும். அப்ப ஒத்துக்கறேன்.”

அழுத்தினேன்.

மதியம் டூவேன் போன் செய்தான், எனக்கு. தப்பா அழுத்திட்டீங்களா, திருப்பிச் சேத்துடுங்க, நாங்க யாரும் தொடமாட்டோம், கவலப்பட வேணாம்னு அவன்கிட்ட சொல்லுங்க என்றான். தப்பாக அழுத்தவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டான், ஆனால் நம்பவில்லை. நோய் தலைக்கும் ஏறிவிட்டது என்று எண்ணிக்கொண்டான் போலிருக்கிறது.

பொதுப் பட்டியலில் இருப்பவர்களை எடுக்க வாரம் ஒரு நாள், புதன். புதன் காலை கஞ்சி கொடுக்கும் முன்னாலேயே அவர் கேட்பார்.

“இருக்கானா?”

“இருக்கான்.”

செப்டம்பர் போயிற்று. டுப்ரீ ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு முறை களத்துக்கு வந்தான். ஒரு பந்து, சில வாரம் அதுவும் இல்லை. முழுக்க ஓடினான். லைலின் அணியோ ஜெயித்துக்கொண்டிருந்தது. எப்படி என்று பார்த்தால், எதிராளிகள் அடிபட்டு வீட்டில் கிடக்கும் ஆட்டக்காரர்களை மாற்றாமல் தங்கள் பட்டியலில் அப்படியே விட்டிருந்தார்கள். ரஸ் ஒரு வாரம் ஆட்டமே இல்லாத மூன்று பேரை இறக்கினான். ஐந்து வாரம், ஐந்து வெற்றி. இருபத்தாறு வருடத்தில் லைல் முதலிடத்தில் இருந்தது அப்போதுதான். ஐந்தாவது வெற்றிக்குப் பிறகு புள்ளிகளைப் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புதன்கிழமைக் கேள்வியை மட்டும் விடவில்லை.

அக்டோபர் நடுவில் பகலிலும் மூச்சுக் கருவியின் முகமூடி தேவைப்பட்டது. ஒரு சனிக்கிழமை, என் விடுமுறை நாள், நான் பௌலிங் கூடத்துக்குப் போனேன். டூவேன் ஆட வருபவர்களுக்கு வாடகைக்குத் தரும் ஷூக்களுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தான். டுப்ரீயை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுத்து, அவரிடம் போய்ச் சிரியுங்கள் என்றேன்.

“எப்படி ஆர்லீன்? அது அவன் பையன். அவன் கண்டுபுடிச்சது.”

“அதனாலதான்.”

“கோபப்படுவானே.”

“படட்டும். ஏழு வாரமா அவருக்குக் கோபப்பட ஆளில்ல. எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி வர்றீங்க, அவரு இன்னும் சாகல. நான் ஒரு தப்பு செஞ்சேன், அதை நீங்கதான் சரி பண்ண முடியும்.”

அவன் ஷூவை ஜோடியாக வைத்தான், திரும்ப எடுத்தான், வேறு இடத்தில் வைத்தான். சரி என்றான். செவ்வாய் வர்றேன், சொல்லிட்டு அப்புறமா எடுக்கறேன், மொகத்துக்கு நேரா சொல்றேன் என்றான். அது சரியான ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. நம்பினேன்.

செவ்வாய் மூன்று மணிக்கு வந்தான். கையில் மளிகைக் கடைக் காகிதப் பை, அதில் ஏதோ அகலமாகத் துருத்திக்கொண்டிருந்தது. அறை வாசலில் நின்றான். அவன் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரத்தில் லைல் பதினொரு பவுண்டு குறைந்திருந்தார், மூக்கிலும் வாயிலும் முகமூடி, கழுத்தைத் தாங்க ஒரு பட்டை. நான் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தேன். ஆனால் சொல்வது வேறு, பார்ப்பது வேறு. டூவேன் காகிதப் பையை நாற்காலிக்குப் பின்னால் கீழே வைத்தான்.

லைல் என்னைப் பார்த்தார். முகமூடியைச் சற்றுத் தூக்கினேன்.

“செர்ரி பை கொண்டாந்தியா?” என்றார் லைல்.

வேவு பார்க்க வந்தாயா என்று கேட்கிறார். கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் லேசாக வந்திருந்தது. நான் பார்த்தேன். டூவேனும் பார்த்திருக்க வேண்டும்.

“இல்லடா,” என்றான் டூவேன். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். “சும்மா பாக்கத்தான் வந்தேன். நல்லா இருக்கே நீ. நல்லாவே இருக்கே.”

லைல் கண்ணை மூடிக்கொண்டார். நான் முகமூடியை மறுபடி வைத்தேன். டூவேன் கால் மணி நேரம் கையைப் பிடித்தபடி உட்கார்ந்து, பழைய நாட்களைப் பற்றிப் பேசினான். ஒரு கேலிகூட இல்லை. எல்லாம் நல்ல வார்த்தை.

அவன் போனபின் மார்லிஸ் வந்தாள். நாற்காலியை நகர்த்தும்போது காகிதப் பை தடுக்கியது. உள்ளே இருந்த டாய்லெட் சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

“நம்ம வீட்டுது இல்லியே இது?”

டூவேனுடையது, மறந்துவிட்டுப் போய்விட்டார் என்றேன். லைல் விழித்துத்தான் இருந்தார். அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அதை எடுத்து அவர் கழுத்தருகே கொண்டுபோயிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. ஆனால் அதை நான் செய்தால் அது ஒன்றுமில்லை. டூவேன் செய்தால்தான்.

மறுநாள் காலை, புதன், பேச்சு வரவில்லை. கண்ணால் கம்ப்யூட்டர் பக்கம் காட்டினார். திறந்து பார்த்தேன்.

“இருக்கான்,” என்றேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, அக்டோபர் முப்பது, காலை ஒன்பது பத்துக்கு இறந்தார். மார்லிஸ் பக்கத்தில் இருந்தாள். மூச்சுத் திணறல் அதிகம் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். அந்த நோயில் அதுவே பெரிது. செவ்வாய்க்கிழமை அடக்கம். பதினொரு பேரும் கோட்டு போட்டு வந்தார்கள், ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். தேவாலயக் கூடத்தில் ஹாம் ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலட்டும் இருந்தன. டூவேன் எதையும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுத்தம் செய்ய மார்லிஸுக்கு உதவிக்குப் போயிருந்தேன். வாடகைக் கட்டிலைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பழக்கத்தில் அவள் டிவியைப் போட்டு வைத்திருந்தாள். டுப்ரீயின் அணி ஆடியது. முதல் கால் மணிக்குள் அந்த மூத்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனை நொண்டியபடி வெளியே கொண்டுபோனார்கள். நான் கட்டில் கம்பியைக் கழற்றிக்கொண்டே பார்த்தேன். டுப்ரீக்கு ஒன்பது பந்து வந்தது. ஒன்பதையும் பிடித்தான். நூற்று நாற்பத்திரண்டு கெஜம், இரண்டு முறை எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன்.

அந்தப் புள்ளிகள் பன்னிரண்டு பேர் ஆட்டத்தில் யாருக்கும் சேரவில்லை. அவன் எவன் பட்டியலிலும் இல்லை.

மறுநாள் டூவேன் போன் செய்தான். லைலுக்கு எப்படித் தெரிஞ்சுது என்றான். நோட்டு என்னிடம்தான் இருந்தது, மார்லிஸ் கொடுத்திருந்தாள். ஜூன் பதினெட்டாம் தேதிப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். “பந்து மறுபக்கம் போன பிறகும் கடைசிவரை ஓடுகிறான். நாலு ஆட்டத்தில் ஒருமுறைகூட நிற்கவில்லை. நவம்பர்.” மறுமுனையில் பௌலிங் கட்டைகள் சரியும் சத்தம் கேட்டது.

“நாளன்னைக்குப் புதன்,” என்றேன். “எடுத்துக்கங்க.”

பார்க்கலாம் என்றான்.

அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. டுப்ரீயை யாரும் எடுப்பதில்லை, லைலுக்கு மரியாதையாக அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்களாம். ரஸின் மனைவி கடையில் பார்த்து இதைச் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. எவ்வளவு நல்லவங்க பாருங்க என்றாள். நல்லவர்கள்தான். பொருட்களின் விலையைப் பார்ப்பதுபோல நான் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாதமே எனக்கு வேறு வீடு கிடைத்தது. பக்கவாதம் வந்த பெண்மணி, நடக்கப் பழக்க வேண்டும், குணமாகக்கூடியவள். லைலின் கணக்கை மூடச் சொல்லி மார்லிஸ் யாரிடமும் கேட்கவில்லை, அதனால் அந்தப் பக்கம் என் போனில் இன்னும் திறந்தது. டிசம்பர்வரை புதன் காலைகளில், அந்தப் பெண்மணிக்கு முட்டை வேகும் நேரத்தில், ஒருமுறை பார்ப்பேன். டுப்ரீ ஒவ்வொரு ஞாயிறும் பிடித்துக்கொண்டிருந்தான்.

பெயர் அந்தப் பொதுப் பட்டியலிலேயேதான் இருந்தது.